பாடி முடித்த பிறகும் நின்றிருந்தாள்

என் அறைத்தோழி அமெரிக்காவில் குரலிசையில் முதுகலை படித்தாள். பட்டத்துக்கு ஒரு மணி நேரம் தனிக் கச்சேரி. பியானோ மட்டும் துணை. மைக் கிடையாது, எல்லாம் மனப்பாடம்.

குளிர்காலம் முழுக்க சமையலறையில் ஜெர்மன் கவிதைதான். முதலில் மெட்டே இல்லாமல் வெறும் வார்த்தைகளை வாசிப்பாள். 'நான்' என்று பொருள்படும் 'இஹ்' என்ற சொல் வரும்போதெல்லாம் உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடித்து, காற்று படுகிறதா என்று பார்ப்பாள். நோட்டில் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே பென்சிலால் அர்த்தம்.

அவள் எடுத்துக்கொண்டது ஜெர்மன் இசையமைப்பாளர் ஷூமன் 1840-இல் இசையமைத்த 'பெண்ணின் காதலும் வாழ்வும்'. எட்டுப் பாட்டு. முதல் பாட்டில் ஒரு பெண் தன் காதலனைப் பார்க்கிறாள், எட்டாவதில் அவன் இறந்து கிடக்கிறான். அந்த எட்டாவதில் மெட்டு என்று பெரிதாக ஒன்றுமில்லை, பேச்சு போலவே போய் நின்றுவிடும். அதன்பின் பியானோ மட்டும் முதல் பாட்டை மறுபடி வாசிக்கும். பாடுகிறவளுக்கு ஒரு வேலையும் இல்லை, சும்மா நிற்க வேண்டும்.

"அப்போ கையை என்னடி பண்றது?" என்று மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று நான் இரண்டாவது வரிசையில் இருந்தேன். எல்லாம் முடிந்தபிறகுதான் கைதட்ட வேண்டும் என்று கொடுத்த தாளில் போட்டிருந்தது. கடைசிப் பாட்டு முடிந்தது. பியானோ ஆரம்பித்தது. கை அப்படியே தொங்கியது, அதைப் பற்றி அவளுக்கு நினைவே இல்லை. ஆனால் முதல் பாட்டில் எந்தெந்த இடத்தில் மூச்செடுத்தாளோ, அங்கெல்லாம் இப்போதும் மூச்செடுத்தாள். வாய் மூடியே இருந்தது. இத்தனை வருஷம் கச்சேரி கேட்டதில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

*

அக்கா, நான் இதே மாதிரி ஒரு கச்சேரியில பியானோவுக்குப் பக்கத்துல உட்கார்ந்து நோட்டு திருப்பிவிட்டிருக்கேன். இசையமைப்பாளர் ஷூபர்ட்டோட 'ராட்டையில் கிரெட்ஷென்', ராட்டை சுத்துற ஒரு பொண்ணு பாடுற பாட்டு. 1814, அவருக்கு அப்ப வயசு 17! பியானோவுல வலது கை ராட்டைச் சக்கரமா ஓயாம சுத்தும், இடது கையில அந்த ராட்டையோட மிதிகட்டை. அவ காதலனை ஒவ்வொண்ணா நினைச்சு, 'அவன் முத்தம்'னு வரும்போது சக்கரம் நின்னுடும். அப்புறம் விட்டு விட்டுத்தான் கிளம்பும்.

அந்த நிறுத்தத்துல எனக்கு மூணடி தள்ளி இருந்தார் பியானோக்காரர். விரல் கட்டை மேலயே இருக்கு, கண்ணு நோட்டுல இல்ல. பாடுறவங்க தோளையே பார்த்துட்டிருந்தார். தோள் இறங்கின பிறகுதான் அடுத்த சுரம். இதைப் போய் பக்கவாத்தியம்னு சொல்ல எனக்கு மனசு வரலை.

*

நீ சொல்றது சரி தம்பி. என் தோழியோட வாசிச்ச பொண்ணும், கடைசி சுரம் அடங்கினதும் பெடல்ல இருந்து காலை எடுக்கவே இல்ல. என் தோழி ஒரு தடவை முழுசா மூச்சு விட்டா. அப்புறம்தான் அந்தப் பொண்ணு காலை எடுத்தா.