அயோவா முடிவைப் பார்த்து மற்ற மாநிலங்கள் ஓட்டுப் போடுவது சரியா? (அமெரிக்க பிரைமரி விவாதம்)

செல்வகுமார்:
அமெரிக்க அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஒவ்வொரு கட்சியும் நடத்தும் உட்கட்சி ஓட்டெடுப்பை (பிரைமரி) மாநிலம் மாநிலமாக மாதக்கணக்கில் இழுக்கிறார்கள். எல்லா மாநிலங்களுக்கும் ஒரே நாளில் வைக்க வேண்டும் என்பது என் வாதம். பல காலமாக முதலில் ஓட்டுப் போட்டுவந்த அயோவாக்காரரை வேட்பாளரே தேடி வந்து கை குலுக்குவார், கேள்விக்குப் பதில் சொல்வார். பின்னால் ஓட்டுப் போடும் கலிஃபோர்னியாக்காரருக்கு வந்து சேர்வது 'யார் முதலிடம்' என்ற தலைப்புச் செய்திதான். அதுவாவது சரியாக இருக்கிறதா? 2012 ஜனவரி 3 இரவு, குடியரசுக் கட்சியின் அயோவா காக்கஸில் (கட்சியினர் அந்தந்தப் பகுதியில் கூடித் தேர்வு செய்யும் கூட்டம்) வேட்பாளர் ராம்னி 8 ஓட்டில் ஜெயித்தார் என்றார்கள். இரண்டு வாரம் கழித்துச் சரிபார்த்தால் போட்டியாளர் சான்டோரம் 34 ஓட்டு முன்னிலை! அதற்குள் அடுத்த மாநிலமான நியூ ஹாம்ப்ஷயர் ஓட்டுப் போட்டே முடித்துவிட்டது.

மதுமிதா:
அடுத்து வந்த தென் கரோலினாவில் ஜெயித்தது யார் செல்வா? ராம்னியும் இல்லை, சான்டோரமும் இல்லை, இன்னொரு வேட்பாளரான கிங்ரிச். முந்தைய முடிவை மக்கள் பார்க்கிறார்கள், அப்படியே பின்பற்றுவதில்லை.

2008ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தென் கரோலினாவின் கறுப்பின வாக்காளர்களில் பலருக்கு ஒபாமாவைப் பிடித்திருந்தும் தயக்கம். வெள்ளையர்கள் இவருக்கு ஓட்டுப் போடுவார்களா என்ற சந்தேகம். பத்தில் ஒன்பது பேர் வெள்ளையராக இருக்கும் அயோவாவில் அவர் ஜெயித்ததும் அந்தச் சந்தேகம் போனது. எந்த டிவி விளம்பரமும் இதைச் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது.

செல்வகுமார்:
அது வேட்பாளரைப் பற்றிய தகவல் இல்லையே, மற்ற வாக்காளர்களைப் பற்றிய தகவல். அவருடைய கொள்கை என்ன, நிர்வாகம் எப்படி என்று அதில் ஒன்றும் தெரியவில்லை.

1976இல் அயோவா ஜனநாயகக் கட்சி காக்கஸில் 'இன்னும் முடிவு செய்யவில்லை' என்றவர்கள் சுமார் 37 சதவீதம். கார்ட்டருக்கு 28 சதவீதம்கூட இல்லை. ஆனாலும் வெற்றியாளர் என்று பத்திரிகைகள் கொண்டாடியது அவரைத்தான். 2004 ஜனநாயகக் கட்சி பிரைமரியை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் பிரையன் நைட், நேதன் ஷிஃப் இருவரும், முதலில் ஓட்டுப் போடுபவரின் செல்வாக்கு கடைசியில் போடுபவரைப் போல ஐந்து மடங்கு வரை இருக்கிறது என்று கணக்கிட்டார்கள். ஒரே கட்சி, ஒரே நாடு, ஒருவர் ஓட்டுக்கு ஐந்து மடங்கு மதிப்பா?

இளங்கோ (டெ மாய்ன்):
நான் அயோவாவில் இருப்பவன். 2020இல் எங்கள் பகுதி காக்கஸ் ஒரு பள்ளி ஜிம்மில் நடந்தது. வேட்பாளருக்கு ஒரு மூலை, ஆதரவாளர்கள் அங்கங்கே போய் நிற்க வேண்டும். 15 சதவீதம் எட்டாத அணிக்காரர்கள் வேறு அணிக்கு மாறலாம். அவர்களைச் சுற்றி மற்ற அணிகள் வந்து பேசும். என் பக்கத்தில் நின்ற ஓய்வுபெற்ற டீச்சரம்மா, "இன்சுலின் விலைக்கு உங்க ஆள் என்ன செய்வார்?" என்று மூன்று அணிகளிடமும் கேட்டுவிட்டுத்தான் இடம் மாறினார். அந்த ஜிம்மில் நடந்தது உண்மையான விசாரணை.

ஆனால் ராத்திரி ஷிப்டு வேலைக்காரர்கள் வரமுடியவில்லை. முடிவை அனுப்ப வைத்திருந்த ஆப்பும் சொதப்பி, அன்று இரவு முடிவே வரவில்லை. எங்கள் ஊர் விசாரணை வெளியூருக்குப் போய்ச் சேரும் வழிதான் கோளாறு என்பேன்.

மதுமிதா:
நன்றி இளங்கோ சார். அதே 2020ஐ முழுதாகப் பாருங்கள். பைடன் அயோவாவில் நான்காவது, நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது. செல்வா சொல்லும் கணக்குப்படி அவர் கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். பிப்ரவரி 26 அன்று தென் கரோலினாவின் செல்வாக்குள்ள கறுப்பின எம்.பி. கிளைபர்ன் அவருக்கு ஆதரவு கொடுத்தார், 29 அன்று அங்கே பெரிய வெற்றி. போட்டி வேட்பாளர்கள் புட்டஜஜும் குளோபுச்சாரும் விலகினார்கள். மார்ச் 3 அன்று 14 மாநிலங்களில் பத்து பைடனுக்கு! முதல் நான்கு மாநிலங்களைத் தவிர்த்து, 50 கோடி டாலருக்கு மேல் கொட்டிய கோடீஸ்வர வேட்பாளர் புளூம்பெர்க்குக்குக் கிடைத்த ஒரே வெற்றி அமெரிக்கன் சமோவா என்ற குட்டித் தீவுப் பகுதி. ஒரே கொள்கைப் போக்குள்ள நாலைந்து பேர் ஓட்டைப் பிரிக்கும்போது யாரிடம் சேர்வது என்று தெரிய, முந்தைய முடிவுகள் வேண்டும்.

செல்வகுமார்:
அந்த மூன்று நாள் திருப்பத்துக்கு முன்பே கலிஃபோர்னியாவில் தபாலில் ஓட்டுப் போட்டவர்கள் என்ன ஆனார்கள்? புட்டஜஜுக்கும் குளோபுச்சாருக்கும் போட்ட ஓட்டுகள் வீண். கமலா ஹாரிஸ் 2019 டிசம்பரிலேயே பணம் போதாமல் விலகினார். ஒரு மாநிலம்கூட அவரைப் பற்றி ஓட்டில் கருத்துச் சொல்லவில்லை. முந்தைய முடிவுகளைப் பார்த்துக் கற்பதாக நீங்கள் சொல்வது தொடங்குவதற்கு முன்பே வடிகட்டுகிறார்கள் நன்கொடையாளர்கள்.

யாரிடம் சேர்வது என்பதுதான் சிக்கல் என்றால், 1, 2, 3 என்று வரிசையிட்டு ஓட்டுப் போடும் முறை போதும். 2020இல் அலாஸ்கா, ஹவாய், கன்சாஸ், வயோமிங் ஜனநாயகக் கட்சியினர் செய்து காட்டினார்கள்.

மதுமிதா:
வரிசை முறை எனக்கும் சம்மதம். ஆனால் பெயர் தெரியாத ஒருவரை மூன்றாவதாகக்கூட எழுத மாட்டார்கள். ஐம்பது மாநிலத்திலும் ஒரே நேரத்தில் விளம்பரம் செய்ய அவரிடம் பணம் இருக்காது, சின்ன மாநிலத்தில் கால்நடையாகச் சுற்றலாம். அயோவாவுக்கும் நியூ ஹாம்ப்ஷயருக்கும் அந்த உரிமையைப் பட்டா போட்டுக் கொடுக்க வேண்டியதில்லை. முறை வைத்து மாற்றுங்கள். 2024இல் ஜனநாயகக் கட்சி தென் கரோலினாவை முன்னால் கொண்டுவந்தது.

செல்வகுமார்:
கொண்டுவந்தும் நியூ ஹாம்ப்ஷயர், முதல் பிரைமரி தன்னுடையதாக இருக்க வேண்டும் என்ற தன் மாநிலச் சட்டத்தைக் காட்டி, அதற்கு முன்பே ஜனவரி 23 அன்று நடத்திவிட்டது. உங்கள் சுழற்சிக்கு அந்த மாநிலம் எந்த வருடம் சம்மதிக்கும்?