கார்-டி முடிந்து காரைக்குடி திரும்பும் அப்பச்சி: காய்ச்சல் வந்தால் நேரே மதுரைக்கா?

கேள்வி – காரைக்குடி மகள்
அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) 62 வயது, எடை 60 கிலோ. லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்கு கார்-டி செல் (அவர்களுடைய டி செல்களையே புற்றுநோயைத் தாக்கும்படி மாற்றியது) ஏற்றி ஆறு வாரம். தொற்றை எதிர்க்கும் வெள்ளணுவான நியூட்ரோஃபில் 900தான், குறைவு. தொற்று வராமல் தடுக்க அசைக்ளோவிர், கோ-ட்ரைமாக்சசோல் மாத்திரைகள் சாப்பிடுகிறார்கள். இடையில் ஸ்டீராய்டும் கொடுத்தார்களாம். வீட்டில் இரண்டாம் கட்டில் (உள் பகுதியில்) பழைய சுண்ணாம்புப் பூச்சைச் சுரண்டும் வேலை நடக்கிறது. ஒரு மாதம் தாண்டியும் தொற்றுக்குப் பயப்பட வேண்டுமா? காய்ச்சல் வந்தால் நேரே மதுரைக்குப் போகணுமா?

பதில் – தொற்றுநோய் மருத்துவர்
வேண்டும் அம்மா. புற்றுச் செல்மேல் உள்ள சிடி19 என்ற புரதத்தைக் குறிவைக்கும் கார்-டி, அதே புரதம் உள்ள நல்ல பி செல்களையும் (ஆன்டிபாடி உருவாக்கும் செல்கள்) அழித்துவிடும். ஐஜிஜி என்ற ஆன்டிபாடி மாதக்கணக்கில் தாழ்ந்தே கிடக்கும். ஏறிய நியூட்ரோஃபில் மறுபடி இறங்குவதும் சகஜம். முதல் மாதம் பாக்டீரியா தொல்லை அதிகம், பிறகு ஃப்ளூ, ஆர்எஸ்வி மாதிரி சுவாச வைரஸ்கள்.

100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால் அவசரம்தான். அளக்காமல் பாராசிட்டமால் கொடுக்காதீர்கள், காய்ச்சல் மறைந்துவிடும். மதுரை ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். முதல் டோஸ் அதுவரை காத்திருக்கக் கூடாது. காரைக்குடியிலேயே இரண்டு செட் பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி தேடும் சோதனை) எடுத்து, பைப்பராசிலின்-டாசோபாக்டம் என்ற ஆன்டிபயாட்டிக் 4.5 கிராம் ஒரு மணி நேரத்துக்குள் ஏற்றிவிட்டுக் கிளம்பணும். சிறுநீரக நிலை, மருந்து ஒவ்வாமை எல்லாம் சேர்த்துச் சிகிச்சை மையத்தில் இப்போதே கடிதம் வாங்கி, இங்குள்ள மருத்துவமனையில் முன்கூட்டியே காட்டி வையுங்கள். ஸ்டீராய்டு உடம்பில் இருந்தால் காய்ச்சலே தெரியாமல் போகலாம். நடுக்கமோ, பிரஷர் இறக்கமோ, குழப்பமோ கண்டாலே போதும், கிளம்புங்கள்.

பதில் – மருந்தாளுநர்
அசைக்ளோவிர், கோ-ட்ரைமாக்சசோல் இரண்டு மாத்திரையும் ஆறு மாதமாவது தொடரும். கோ-ட்ரைமாக்சசோலை நிறுத்த சிடி4 (ஒரு வகை எதிர்ப்புச் செல்) எண்ணிக்கை 200-ஐத் தாண்டணும். அந்த மாத்திரை ரத்த அணுக்களைக் குறைத்தால் நீங்களாக நிறுத்தாமல், அடோவாகுவோன் போன்ற மாற்று கேளுங்கள். ஐஜிஜி 400-க்குக் கீழே போய்த் தொற்றும் திரும்பத் திரும்ப வந்தால் ஐவிஐஜி (தானம் கொடுத்தவர்களின் ஆன்டிபாடியை நரம்பில் ஏற்றுவது), கிலோவுக்கு 0.4 கிராம், அப்பச்சிக்கு 24 கிராம். ஹெபடைடிஸ் பி கோர் ஆன்டிபாடி (பழைய கல்லீரல் வைரஸ் தொற்றைக் காட்டும் சோதனை) பார்த்தார்களா? ஐவிஐஜிக்குப் பிறகு சோதித்தால், தானம் கொடுத்தவர்களின் ஆன்டிபாடியே பாசிட்டிவ் காட்டும். சிகிச்சைக்கு முந்தைய ரிப்போர்ட்டைத் தேடுங்கள். அது பாசிட்டிவ் என்றால் அந்த வைரஸை அடக்கும் என்டெகாவிர் மாத்திரை பற்றிக் கேட்டே ஆகணும்.

பதில் – புற்றுநோய் செவிலியர், தேவகோட்டை
சுரண்டலை உடனே நிறுத்துங்கள். பழம் பூச்சுத் தூசியில் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை வித்துகள் இருக்கும். இரண்டாம் கட்டில் கிளப்பினாலும் முற்றம் வழியே வீடு முழுக்கப் பரவும். முடியாவிட்டால் அப்பச்சியை வேறு வீட்டில் வைப்பதே சரி, என்95 முகக்கவசம் மட்டும் காப்பாற்றாது. மாடியில் புறா எச்சம் இருந்தால் அவர்கள் வருவதற்கு முன்பே, நனைத்துக் கழுவணும்.

தோட்டத்தில் வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள். மண்ணிலிருந்து ஏறும் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் புழு ஸ்டீராய்டு கொடுத்தவர்களுக்கு உயிராபத்து. அந்தப் புழுவுக்கான சோதனையையும், ஐவர்மெக்டின் என்ற புழு மருந்தையும் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். தண்ணீர் கொதிக்க வைத்தது, சோறு அன்றன்று வடித்தது. விசாரிக்க வரும் பங்காளிகளில் இருமல், சளி உள்ளவர்கள் வாசலோடு. வீட்டார் எல்லோரும் ஃப்ளூ ஊசி போடலாம். அப்பச்சிக்கு உயிருள்ள கிருமித் தடுப்பூசி எதுவும் இப்போது கூடாது.