தார் ரோட்டில் ஓடும் பிக்கப்புக்கு எந்த டிஃபரன்ஷியல் லாக் சரியாக வரும்?

கேள்வி – நாகலூர், ஏற்காடு

வணக்கம். எங்களிடம் பின்சக்கரம் மட்டும் இழுக்கும் பிக்கப் இருக்கிறது. பெரும்பாலும் தார் ரோட்டு ஓட்டம்தான். தோட்டத்து மூட்டைகளை ஏற்றி, 20 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி சேலம் போய், காலியாகத் திரும்பும். சிக்கலே கடைசியில் தோட்டத்துக்குள் ஏறும் மண் பாதைதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் இடது பின்சக்கரம் சேற்றில் சுற்றிக்கொண்டே இருக்கும், வலது பக்கம் அசையாது. தானாகப் பூட்டிக்கொள்ளும் லாக்கர் (இரண்டு பின்சக்கரத்தையும் சேர்த்துச் சுற்ற வைக்கும் பூட்டு) போடு என்கிறார் ஒரு மெக்கானிக். சுவிட்ச் வைத்ததுதான் நல்லது என்கிறார் இன்னொருவர். தினமும் மலை இறங்கும் வண்டிக்கு எது ஒத்துவரும்?

பதில் – பட்டறை, ஐந்து ரோடு

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள் தம்பி. சமதளத்தில் நிறுத்தி, முன் டயருக்குக் கட்டை கொடுத்து, பின் ஆக்சிலை இரண்டு பக்கமும் ஸ்டாண்டில் ஏற்றுங்கள். எஞ்சின் ஆஃப், முதல் கியர், ஹேண்ட் பிரேக்கை விட்டுவிடுங்கள். ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினால் மற்றது லேசாக எதிர்ப்பக்கம் சுற்றும். அப்படியானால் பூட்டு எதுவும் இல்லாத சாதாரண ஓப்பன் டிஃபரன்ஷியல், அதாவது இரண்டு சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பு. கையால் அசைக்கவே முடியாமல் இறுக்கமாக இருந்தால், ஒரு சக்கரம் மட்டும் தனியாகச் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் ஏற்கெனவே இருக்கிறது.

நாகலூர்

பார்த்தாச்சு அண்ணா. எதிர்ப்பக்கம்தான் சுற்றுகிறது.

பதில் – அஸ்தம்பட்டி

ஓப்பன் டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரத்துக்கும் ஒரே அளவு முறுக்கு விசைதான் கொடுக்கும். சேற்றில் இருக்கிற சக்கரம் எவ்வளவு தாங்குமோ, கெட்டித் தரையில் இருக்கிற சக்கரத்துக்கும் அவ்வளவுதான். அதனால்தான் வலது பக்கம் சும்மா நிற்கிறது. ஆனால் வளைவில் இதே அமைப்புதான் உங்களைக் காப்பாற்றுகிறது. கொண்டை ஊசியில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்சக்கரம் மெதுவாகச் சுற்ற வேண்டும்.

தானியங்கி லாக்கர் இயல்பில் பூட்டியே இருக்கும். ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டே வளைத்தால் வண்டி நேராகப் போகப் பார்க்கும். காலை எடுத்தால் 'டக்' என்று விடும், திரும்ப மிதித்தால் 'டக்' என்று பிடிக்கும். காய்ந்த ரோட்டில் அது வெறும் சத்தம். மழையில், பின்பக்கம் காலியாக ஏறும் பிக்கப்பில், வளைவின் நடுவே அந்த ஒரு இழுப்பு போதும், வால் வெளியே போய்விடும். பின் டயர் இரண்டும் ஒரே அளவு தேயாவிட்டால் நேர் ரோட்டிலும் தொல்லைதான். உங்கள் பாதைக்கு இது வேண்டவே வேண்டாம்.

சுவிட்ச் வைத்த லாக்கர் அணைத்திருக்கும்போது ஓப்பன் டிஃபரன்ஷியலைப் போலவே நடந்துகொள்ளும். எனக்குத் தெரிந்து தார் ரோட்டு வண்டிக்கு இதுதான் நிம்மதி. ஹைலக்ஸில் பின் ஆக்சிலுக்கு அப்படி ஒரு லாக் கம்பெனியிலேயே வருகிறது. குர்காவில் முன், பின் இரண்டுக்கும் உண்டு. பொலேரோ நியோவின் ஒரு வகையில் வருவது வேறு மாதிரி: ஒரு சக்கரம் வழுக்கும்போது மட்டும் அதுவே பூட்டும், வேகம் கூடினால் பூட்டாது. அந்த மாதிரி உங்கள் ஆக்சிலுக்குக் கிடைத்தால் அதுவும் நல்லதுதான்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். எஸ்டேட் பாதை பள்ளத்துப் பக்கம் சாய்ந்திருந்தால் லாக் போடும் முன் யோசியுங்கள். லாக் இல்லாதபோது ஒரு சக்கரம் சுற்றினாலும் மற்றது பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு நிற்கும். லாக் போட்டால் இரண்டும் சேர்ந்து சுற்றும், அப்புறம் வண்டியின் பின்பாதி பள்ளத்தைப் பார்த்து நழுவும்.

பதில் – கொண்டப்பநாயக்கன்பட்டி

பணம் செலவழிக்கும் முன் டயரைப் பாருங்க. பட்டன் தேய்ந்த டயருக்கு எந்த லாக்கும் உதவாது. காலியாக ஏறும்போது பின் ஆக்சிலுக்கு நேர் மேலே நாலு மணல் மூட்டை போட்டுக் கட்டிவிடுங்க. சக்கரம் சுற்ற ஆரம்பித்தால் ஹேண்ட் பிரேக்கை இரண்டு மூன்று பல் மட்டும் இழுத்து மெதுவாக மிதியுங்க. சுற்றுகிற சக்கரத்துக்குத் தடை கிடைத்ததும் அடுத்த பக்கத்துக்கும் விசை போகும். எங்க பக்கம் பழைய டிரைவர்கள் எல்லோரும் இதைத்தான் செய்வார்கள்.

நாகலூர்

இந்த மழைக்கு மூட்டையும் புது டயரும் போட்டு ஓட்டிப் பார்க்கிறேன். அதற்கும் மசியாவிட்டால் சுவிட்ச் லாக்தான். காற்றில் இயங்குவதா, கரண்டில் இயங்குவதா?

பதில் – பட்டறை, ஐந்து ரோடு

காற்று என்றால் கம்ப்ரசர், குழாய் எல்லாம் வேண்டும், குழாய் கசிந்தால் லாக் பிடிக்காது. கரண்டு என்றால் வயர் வேலையோடு முடிந்தது. உங்கள் தேவைக்கு கரண்டே போதும். வாங்கும் முன் ஆக்சில் ஷாஃப்டின் பல் எண்ணிக்கையையும் கிரவுன் பினியன் (ஆக்சிலைச் சுற்ற வைக்கும் பல்சக்கர ஜோடி) விகிதத்தையும் சொல்லிக் கேளுங்கள், இரண்டும் பொருந்தாவிட்டால் ஹவுசிங்குக்குள் உட்காராது. மாட்டும்போது கிரவுன், பினியன் இடைவெளியை டயல் கேஜ் என்ற அளவுக்கருவி வைத்துப் பார்க்கிறவரிடம் மட்டும் கொடுங்கள். கைப்பதத்தில் மாட்டினால் சீக்கிரமே ஊளைச் சத்தம் வரும். லாக்கை வண்டி நின்றபிறகு போடுங்கள், தார் ஏறும் முன் அணைத்துவிடுங்கள்.