அசனப் பந்தியில் அண்ணன்

ஒரே ஜெபத்தில் கசப்பெல்லாம் போய்விட்டது என்று பலர் சாட்சி சொல்கிறார்கள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். எனக்கு அப்படி நடக்கவில்லை. அதனால் என் கதையையும் சொல்லிவைக்கிறேன்.

அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அண்ணன் வீட்டைத் தன் பேருக்கு எழுதி வாங்கிக்கொண்டான். அடக்கம் முடிந்த பிறகுதான் எங்களுக்கே தெரியும். அம்மா என்னோடு வந்துவிட்டாள். அண்ணனோடு பேச்சு நின்றது. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம், ஒரே சிஎஸ்ஐ கோயில். எங்கே போய் ஒளிவது? ஆராதனையில் அப்பமும் ரசமும் வாங்கத் திருவிருந்துக்கு அவன் எழுந்து போனால் நான் வெளியே வேப்பமரத்தடியில் நிற்பேன். குளிக்கும்போதும் பைக் ஓட்டும்போதும் மனசுக்குள் அவனோடு வழக்காடுவேன். எல்லா வழக்கிலும் எனக்கே ஜெயம்.

பரமண்டல ஜெபத்தில் ‘எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல’ என்ற இடம் வந்தால் வாய் அடைத்துக்கொள்ளும். அந்த ஜெபத்தைச் சொல்லிக்கொடுத்த கையோடு இயேசு மறுபடி எடுத்துப் பேசுவதும் அந்த ஒரு வரியைத்தான் (மத்தேயு 6:14, 15). தப்பிக்க வழியே வைக்கவில்லை.

அம்மா எனக்குப் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. ராத்திரி குடும்ப ஜெபத்தில் அண்ணன், மதினி, பிள்ளைகள் என்று பேர் பேராகச் சொல்லி ஜெபிப்பாள். ஏமாந்தது அவளும்தானே. ஒருநாள் தொண்டை கட்டிக் குரல் வரவில்லை. “நீ பண்ணுய்யா” என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு அவன் பேரைச் சொன்னேன். பாசமெல்லாம் ஒன்றும் வரவில்லை. ஆனாலும் அதை விடவில்லை, தினமும் சொன்னேன். அப்புறம் எப்போதோ மனசுக்குள் நடந்த வழக்கு ஓய்ந்துபோனது.

அந்த வருஷம், சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற அசனப் பண்டிகையில் பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன், குழம்பு வாளியோடு வருகிறவன் அண்ணன். என் இலைக்கு முன்னால் கொஞ்சம் தயங்கினான். கரண்டியால் வாளிக்குள் துழாவி நெஞ்செலும்பாகப் பார்த்து ரெண்டு துண்டு எடுத்து வைத்தான்.

“போதுமால?”

“சோறு காணாதுண்ணே.”

எங்கள் சமாதானப் பேச்சு அவ்வளவுதான். பக்கத்து இலைக்காரர்தான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்.

“மன்னிச்சாச்சுல்லா, இனி வீட்டுப் பேச்சை விட்ரு” என்று சபையில் சிலர் சொன்னார்கள். இதில்தான் எனக்கு உடன்பாடில்லை. 1999-ல் ஒடிசாவின் மனோகர்பூரில் மிஷனரியான தன் கணவரையும் இரண்டு மகன்களையும் உயிரோடு எரித்தவர்களை கிளாடிஸ் ஸ்டெய்ன்ஸ் மன்னித்தார். வழக்கு அதுபாட்டுக்கு நடந்து முக்கியக் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. பைபிளில் எகிப்தின் அதிபதியான யோசேப்பும், தன்னை விற்றுப்போட்ட சகோதரர்களைக் கண்டவுடன் கட்டிப்பிடித்து அழவில்லையே. சிமியோனைக் காவலில் வைத்தான், அவர்களைச் சோதிக்கத் தம்பி பென்யமீனின் சாக்கில் வெள்ளிப் பாத்திரத்தைப் போடச் செய்தான். தம்பிக்குப் பதில் நான் அடிமையாக இருக்கிறேன் என்று யூதா சொன்ன பிறகுதான் தன்னைக் காட்டிக்கொண்டான். அதுவரை தனியே போய்ப் போய் அழுதிருக்கிறான், பாவம்.

நாங்கள் கோர்ட்டுக்குப் போகவில்லை. ஐயரும் (எங்கள் சபைப் போதகர்) சபைப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசியதில் அம்மாவின் பங்கை அண்ணன் எழுதிக்கொடுத்தான். எனக்கென்று நான் கேட்கவில்லை. மதினி இப்போது வீட்டுக்கு வருகிறார்கள், பிள்ளைகள் லீவு விட்டால் இங்கேதான் கிடக்கிறார்கள். பணக் கொடுக்கல் வாங்கல் மட்டும் அண்ணனோடு கிடையாது. அவனும் கேட்பதில்லை.