பாதுகாப்புப் பகுதியில் உள்ள சாதாரண வீடுகளுக்கும் ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

கேள்வி – நகரமைப்பு மாணவி

வணக்கம். இங்கிலாந்தில் நகரமைப்புப் படித்துவரும் நான், காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுப் பகுதியிலுள்ள ஒரு சிற்றூரின் தன்மையை மதிப்பிட்டு அறிக்கை எழுத வேண்டியுள்ளது. அவ்வூர்த் தேவாலயமும் பெரிய பண்ணை வீடும் பட்டியலிடப்பட்ட கட்டடங்கள் (வரலாற்று, கட்டடக்கலைச் சிறப்புக்காக அரசு பட்டியலில் சேர்த்தவை) என்ற முறையில் ஏற்கெனவே சட்டக் காப்புப் பெற்றவை. அப்படியிருக்க, தனிச்சிறப்பு எதுவும் இல்லாத சிறு வீடுகளையும் கொட்டில்களையும் மதில்களையும் சேர்த்து ஊர் முழுவதையும் பாதுகாப்புப் பகுதியாக (conservation area), அதாவது தன்மையும் தோற்றமும் கெடாமல் காக்க வேண்டிய இடமாக, அறிவித்திருப்பது ஏன்? இவற்றின் பங்கை நான் எந்த அடிப்படையில் விளக்குவது?

பதில் 1 – பழங்கட்டட ஆர்வலர்

தங்கள் கேள்விக்கான விடை பாதுகாப்புப் பகுதிகளை உருவாக்கிய 1967ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே (Civic Amenities Act) இருக்கிறது. தனிக் கட்டடங்களைப் பட்டியலிடும் வழக்கம் அதற்கு முன்பே இருந்தது. ஆனால் பட்டியலிட்ட கட்டடம் அப்படியே நிற்க, அதைச் சுற்றியிருந்த தெரு உருமாறிப்போவதை அதனால் தடுக்க முடியவில்லை. ஆகவேதான் ஒரு பகுதியின் தன்மையையும் தோற்றத்தையும் காக்கும் ஏற்பாடு அச்சட்டத்தில் கொண்டுவரப்பட்டது.

பைபரி என்னும் ஊரிலுள்ள ஆர்லிங்டன் ரோ வீட்டு வரிசையைப் பாருங்கள். பதினான்காம் நூற்றாண்டில் கம்பளிக் கிடங்காகக் கட்டப்பட்ட அது, பதினேழாம் நூற்றாண்டில் நெசவாளர் குடியிருப்பாக மாற்றப்பட்டது. அதன் முன்னால் விரிந்திருக்கும் ஈரப் புல்வெளியில்தான் அங்கு நெய்த துணிகளைச் சட்டகங்களில் கட்டி உலர்த்தினார்கள். அந்தப் புல்வெளியில் நான்கு வீடுகளை எழுப்பினால் பழைய வரிசையில் ஒரு கல்லும் பெயராது. ஆனால் அது ஏன் அவ்விடத்தில், அவ்வளவு நெருக்கமாக, ஓடையை நோக்கி நிற்கிறது என்பது பார்ப்பவருக்கு விளங்காமல் போய்விடும். எனவே கட்டடங்களோடு அவற்றுக்கிடையே விடப்பட்ட வெளிகளையும் அறிக்கையில் கட்டாயம் எழுதுங்கள்.

பதில் 2 – சுண்ணாம்புக் காரைப் பணியாளர்

மேலே கூறப்பட்டது சரி. பொருள்களைப் பற்றிச் சிலவற்றைச் சேர்க்கிறேன். காட்ஸ்வோல்ட்ஸ் ஊர்கள் ஒரே நிறத்தில் தோன்றுவதற்குக் காரணம், சுவர், கூரை, வேலி மதில் ஆகிய மூன்றும் அக்குன்றுகளின் சுண்ணாம்புக் கல்லாலேயே ஆனவை என்பதுதான். கூரையில் பெரிய கற்பலகைகளை இறவாரத்தில் தொடங்கி, மேலே செல்லச் செல்ல அளவைக் குறைத்து, மிகச் சிறியவற்றை முகட்டருகே பதிப்பார்கள். பலகைகள் கரடுமுரடானவை என்பதால் மழைநீர் விரைந்து வழிய வேண்டும். அதனால் கூரை மிகச் செங்குத்தாக அமைகிறது. ஒரே அளவுள்ள கான்கிரீட் ஓடுகளை அங்கே வைத்தால், தெருவின் முடிவிலிருந்து பார்க்கும்போதே அந்த வீடு மட்டும் தனித்துத் தெரியும்.

சிமென்ட் பூச்சு இன்னும் கொடியது. சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும்; சிமென்ட் அதைக் கல்லுக்குள்ளேயே அடைத்துவிடும். பனிக்காலத்தில் அந்த ஈரம் உறைந்து, கல்லின் முகம் அடுக்கடுக்காக உதிர்ந்துவிடுகிறது. நல்ல சுவர்கள் இப்படிப் பாழாவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் நோகிறது.

சட்டத்தில் தாங்கள் கவனிக்க வேண்டிய ஓர் ஓட்டையும் இருக்கிறது. பாதுகாப்புப் பகுதியிலும்கூட, பட்டியலில் இல்லாத வீட்டின் மரச் சாளரத்தை அகற்றிப் பிவிசி சாளரம் வைப்பதற்குப் பொதுவாகத் திட்ட அனுமதி தேவையில்லை. உள்ளூராட்சி மன்றம் ‘பிரிவு 4’ ஆணை பிறப்பித்திருந்தால்தான் அனுமதி கேட்க வேண்டும். ஒரு வீட்டில் மாற்றினால் எவரும் பொருட்படுத்துவதில்லை. ஒவ்வொருவரும் தம் வசதிக்கேற்ப மாற்றிக்கொண்டே போனால், இடிப்பு எதுவும் நிகழாமலேயே தெரு தன் முகத்தை இழந்துவிடும். சாதாரண வீடுகளைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணத்தை நான் அறியேன்.

மாணவி

இருவருக்கும் மிக்க நன்றி. அப்படியானால் இத்தகைய ஊரில் புதிய வீடு எதுவுமே கூடாது என்றாகிவிடாதா? அங்கே வாழும் இளம் குடும்பங்கள் எங்கே செல்வார்கள்?

பதில் 3 – திட்ட அனுமதி ஆலோசகர்

அப்படிப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. கம்பிரியாவிலுள்ள கார்ட்மெல் என்னும் சிற்றூரின் பாதுகாப்புப் பகுதியில் பாதிரியாருக்குப் புதிய இல்லம் கட்டுவது தொடர்பான வழக்கு, 1992இல், அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இயங்கிய பிரபுக்கள் சபை வரை சென்றது. ஒரு கட்டடம் பகுதியின் தன்மையை மேம்படுத்தியே ஆக வேண்டும் என்பதில்லை, அதற்குத் தீங்கு செய்யாமல் விட்டாலே அது ‘பாதுகாத்தல்’ ஆகும் என்று அங்கே தீர்ப்பளிக்கப்பட்டது. ஆகவே புதிய வீடு வரலாம். அதன் உயரம், கூரைச் சரிவு, தெருவோரத்திலிருந்து விலகி நிற்கும் தூரம், கல் ஆகியவை அண்டை வீடுகளோடு ஒத்துப்போகின்றனவா என்பதே கேள்வி. பழைய வீட்டைப் போல் வேடமிட்ட பெரிய மாளிகையை விட, அளவில் அடக்கமான புதிய கட்டடம் ஊருக்குக் குறைந்த தீங்கே செய்யும் என்பது என் கருத்து. இதில் மற்றவர்கள் மாறுபடலாம்.

பதில் 2 – சுண்ணாம்புக் காரைப் பணியாளர்

அளவைப் பற்றி ஆலோசகர் கூறியதை ஏற்கிறேன்; ஆனால் கல் உள்ளூர்க் கல்லாக இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மாணவி அவர்களே, சாந்து வைக்காமல் அடுக்கிய மதில்கள் எங்கெங்கே வாகனம் நிறுத்துவதற்காக உடைக்கப்பட்டுள்ளன என்பதையும் தங்கள் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மரங்களையும் விட்டுவிடாதீர்கள், அங்கே மரத்தை வெட்டுவதற்குப் பொதுவாக ஆறு வாரங்களுக்கு முன்பே மன்றத்துக்கு அறிவிக்க வேண்டும்.