மாட்டுக்கு உண்ணிக் காய்ச்சல்: ஸ்லைடு எங்கே ஏமாற்றுகிறது?

களப்பணி மருத்துவர்:
கலப்பின மாடு, காய்ச்சல் 104–106 டிகிரி, தோளுக்கு முன்னால் நெறி கட்டியிருக்கிறது. கிருமியைக் கொல்லும் ஆக்சிடெட்ராசைக்ளினோ டைமினசினோ போட்டுவிட்டு, மறுநாள் ரத்தம் எடுத்து, கண்ணாடிச் சில்லில் (ஸ்லைடு) பூசி ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். ஒட்டுண்ணி, அதாவது உண்ணி பரப்பும் பபீசியா, தைலேரியா, அனாபிளாஸ்மா போன்ற ரத்தக் கிருமி, இல்லை என்று முடிவு வருவதில் ஆச்சரியமே இல்லை. முதலில் ஸ்லைடு, பிறகுதான் ஊசி.

காது நுனியில் மயிரை மழித்து ஸ்பிரிட்டால் துடையுங்கள். ஸ்பிரிட் முழுக்கக் காயட்டும். ஈரம் இருந்தால் சிவப்பணுக்கள் உடைந்துவிடும். குத்தியதும் வரும் முதல் துளியே போதும், சிறு துளியாக எடுங்கள். துளியைப் பரப்பும் இன்னொரு ஸ்லைடை 30–45 டிகிரி சாய்த்து ஒரே தள்ளு. சோகை பிடித்த மாட்டு ரத்தம் தண்ணீராக ஓடும், அதற்குச் சாய்வைக் கொஞ்சம் நிமிர்த்தி வேகமாகத் தள்ளணும். வாயால் ஊதாதீர்கள். கொட்டகையிலேயே காய வைத்தால் ஈ வந்து பூச்சைத் தின்றுவிடும், சிரிக்காதீர்கள், நடப்பதுதான். ஸ்லைடை, திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் பாட்டிலோடு சேர்த்துக் கட்டினால் அதன் ஆவியிலேயே சாயம் பிடிக்காமல் போகும்.

ஆய்வக நுட்பர்:
டாக்டர் சொன்ன எல்லாம் சரியாக இருந்தாலும் பூச்சைக் கண்ணாடியில் பதிய வைக்கும் மெத்தனால் காலை வாரும். திறந்து திறந்து மூடிய பாட்டில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதில் பூச்சைப் பதிய வைத்தால் சிவப்பணுவுக்குள் மினுங்கும் ஓட்டைகள் விழும். புதிதாகப் பார்ப்பவர் அதை ஒட்டுண்ணி என்று எழுதிவிடுவார். நல்ல மெத்தனாலில் 3–5 நிமிடம், அதுவும் பூச்சு எடுத்த அன்றே.

ஜீம்சா சாயம் 1 பங்கு, பஃபர் (பி.எச். மாறாமல் காக்கும் கரைசல்) 9 பங்கு, பி.எச். 7.2, 30–40 நிமிடம். அப்போதே கலந்ததைத்தான் ஊற்றணும். போர் தண்ணீர் காரமாக இருந்தால் எல்லாம் நீலமாகும். அமிலப் பக்கம் போனால் எல்லாம் இளஞ்சிவப்பு, ஒட்டுண்ணி கண்ணில் படாது. கழுவும்போது ஸ்லைடைச் சாய்த்துச் சாயத்தைக் கொட்டினால் மேலே மிதக்கும் ஏடு பூச்சின் மேல் படிந்துவிடும். கிடையாக வைத்தபடியே தண்ணீர் ஊற்றி ஏட்டை வழிய விடுங்கள்.

100 மடங்கு எண்ணெய் லென்ஸில், அணுக்கள் ஒற்றை அடுக்காகப் பரவிய வால்பகுதியில் பாருங்கள். பபீசியா பைஜெமினா பேரிக்காய் ஜோடி போல, கூர்முனைகள் சேர்ந்திருக்கும், கண்ணுக்குத் தப்பவே தப்பாது. தைலேரியா சின்ன வளையம், கால்புள்ளி வடிவம். தொல்லை அனாபிளாஸ்மாதான்: அணுவின் விளிம்பையொட்டி அடர்ந்த ஒரு புள்ளி, அவ்வளவே. சாயத் தூசி அணுவுக்கு வெளியேயும் கிடக்கும், நுண்திருகைத் திருப்பினால் வேறு மட்டத்தில் தெளியும். ஹோவெல்-ஜாலி துணுக்கு (சிவப்பணுவில் மிஞ்சிய உட்கருத் துண்டு) அனாபிளாஸ்மாவைவிடப் பெரியது, பெரும்பாலும் அணுவுக்கு ஒன்றுதான். சந்தேகமிருந்தால் 100 புலங்களாவது (லென்ஸில் ஒரே நேரத்தில் தெரியும் வட்டம் ஒரு புலம்) பார்த்துவிட்டு எழுதுங்கள்.

களப்பணி மருத்துவர்:
ஒன்றிரண்டு தைலேரியா வளையம் தெரிந்ததும் இன்றைய காய்ச்சலுக்கு அதுதான் காரணம் என்று முடிவு கட்டவும் கூடாது. நோய் வந்து தேறிய மாட்டிலும் அப்படி இருக்கும். வீங்கிய நெறியிலிருந்து (நிணநீர்க் கணு) எடுத்த திரவத்தில், லிம்போசைட் என்ற வெள்ளணுவுக்குள் கோக்கின் நீலத் துணுக்கு (தைலேரியா பெருகும் நிலை) தெரிந்தால் நோய் இப்போது ஓடுகிறது என்று பொருள். கணுவை இறுக்கிப் பிடித்து 20 கேஜ் ஊசி, 5 மி.லி. சிரிஞ்சால் இழுங்கள், உருவும் முன் இழுவிசையை விட்டுவிடணும், இல்லையென்றால் ஊசியில் இருப்பது சிரிஞ்சுக்குள் ஏறிப் போய்விடும். தைலேரியாவுக்கான பூபார்வாகுவோன் மருந்து விலை அதிகம்: கிலோவுக்கு 2.5 மி.கி. கணக்கில், 300 கிலோ மாட்டுக்கு 50 மி.கி./மி.லி. மருந்து 15 மி.லி. ஆகும். அதனால் இந்த உறுதி தேவை.

ஆய்வக நுட்பர்:
கிருமியின் டி.என்.ஏ.வைத் தேடும் பி.சி.ஆருக்கு, ரத்தம் உறையாமல் காக்கும் ஈ.டி.டி.ஏ. குழாய்தான். ஹெபாரினும் அதே வேலை செய்யும், ஆனால் வேண்டாம், பி.சி.ஆர். வினையையே தடுக்கும். ஐஸ் பெட்டியில் அனுப்புங்கள். அதிலிருந்தே பூச்சும் போடணும் என்றால் ரத்தம் பனிக்கட்டியாக உறைய விடாதீர்கள்.

மாடு வளர்ப்பவர்களுக்கு ஒன்று: மூத்திரம் காப்பி நிறத்தில் போனால் கண்ணாடி டம்ளரில் பிடித்து ஒரு மணி நேரம் ஆடாமல் வையுங்கள். சிவப்பு அடியில் படிந்தால் அது ரத்த அணு, வேறு நோயாகவும் இருக்கலாம். படியாமல் முழுக்க ஒரே நிறமாக நின்றால் பபீசியாவாக இருக்க வாய்ப்புண்டு, உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். அனாபிளாஸ்மாவில் சிவப்பு மூத்திரம் வராது. கண் வெளுத்து மஞ்சளாகும்.