புதுப்பிப்பு: வடிகால் தூர்வாரியாச்சு, ஆனால் உப்புத்தண்ணீர்

போன ஐப்பசி மழையில் ராமநாதபுரம் கடலோரத்தில் தேவிபட்டினம் பக்கம் எங்கள் 11 பேர் நெல்வயலிலும் தண்ணீர் வடியாமல் நின்றதும், பொது வடிகாலைத் தூர்வார யார் எவ்வளவு போடுவது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது, புலப்படமும் (நில எல்லை வரைபடம்) அ-பதிவேடும் (எந்த சர்வே எண் என்ன வகை நிலம், யாருடையது என்ற வருவாய்த்துறைப் பதிவேடு) எடுத்துப் பார்க்கச் சொன்னவரின் யோசனைதான். அந்த வடிகால் வாய்க்கால் தனி சர்வே எண்ணில், புறம்போக்கு என்றே இருந்தது; "என் பட்டா நிலம்" என்று மறித்தவர் அதற்குமேல் பேசவில்லை. ஊராட்சியில் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினோம்.

பணம் ஏக்கர் கணக்கில்தான், ஆனால் மேட்டு வயல்காரர்கள் "எங்களுக்குத் தண்ணீர் தானா வடியுதே" என்று முறுக்கிக்கொள்ள, கடைசியில் அவர்களுக்குப் பாதிப் பங்கு என்று முடிந்தது (எனக்கு இதில் இன்னும் சம்மதமில்லை, அவர்கள் தண்ணீரும் எங்கள் தலையில்தானே இறங்குகிறது). ஜேசிபி 9 மணி நேரம் ஓடியது, பாதி நேரம் சீமைக்கருவேலத்தைப் பிடுங்கவே போனது.

எதிர்பாராதது ஒன்று: அமாவாசையும் வாடைக்காற்றும் சேர்ந்த அன்று கடல்தண்ணீர் அதே வாய்க்காலில் ஏறி வந்துவிட்டது. கையில் அள்ளி வாயில் வைத்தால் கரிப்பு, உள்ளே மடவை மீன் குஞ்சுகள் துள்ளுகின்றன. இப்போதைக்கு வாய்க்கால் கடலில் சேரும் முகப்பில் மணல்மூட்டை அடுக்கி, மழை வந்தால் எடுக்கிறோம். கடலோரத்தில் தோண்டுபவர்கள் கடல்தண்ணீர் ஏறாமல் அடைக்கும் கதவுப் பலகைக்கும் சேர்த்தே வசூலித்துவிடுங்கள், அப்புறம் கேட்டால் யாரும் தருவதில்லை.